கடலில் குமட்டாதவருக்குப் பல் மருத்துவ நாற்காலியில் ஏன் ஓங்கரிப்பு? ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 52 வயதுப் பெண். பாம்பன் பக்கத்து மீனவர் குடியிருப்பு. சின்ன வயதிலிருந்தே மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி முங்கிப் பாசி எடுப்பதுதான் தொழில். மேல் தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. முன்பற்களாலேயே மென்று மென்று அவையும் தேயத் தொடங்கியிருந்தன. அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது இதுதான்: "பல்லு செட்டு வேணும் டாக்டரம்மா. ஆனா அந்த மாவை மட்டும் வாயில வச்சிராதீங்க. ஓங்கரிச்சு ஓங்கரிச்சு உசுரே போயிரும்."

மாவு என்று அவர் சொன்னது, பல் அளவு எடுக்கக் குழைத்து ட்ரேயில் வைக்கும் ஆல்ஜினேட். இதற்கு முன் வேறொரு இடத்தில் அளவு எடுக்க முயன்றிருக்கிறார்கள். நாற்காலியைப் பின்னால் சாய்த்து, நிறைய மாவு குழைத்து மேல் ட்ரேயை வைத்ததும் அது தொண்டைப் பக்கம் வழிந்திருக்கிறது. அவர் கையைத் தட்டிவிட, அவர்கள் அமுக்கிப் பிடிக்க, கடைசியில் வாந்தி. அதற்குப் பிறகு காலையில் பல் துலக்கும்போதே பிரஷ் கடைவாய்ப் பக்கம் போனால் உமட்டல் வருகிறது என்றார். அதனால் பின்பக்கம் துலக்குவதையே விட்டுவிட்டார். மிச்சமிருந்த ஒரு கடைவாய்ப் பல்லும் சொத்தையானது அப்படித்தான்.

கூட வந்த மருமகள் ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் தேடிப் போனதில்தான் இந்த ஆய்வே எழுதும் அளவுக்கு வளர்ந்தது. "கச்சான் காத்துல வள்ளம் அந்தாட்டம் ஆடும், அத்தைக்கு ஒரு நாளும் குமட்டுனதில்ல. இங்க மட்டும் எப்படி?"

நியாயமான கேள்விதான். பொதுவாக நாம் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி 'வாந்தி வருது' என்று முடித்துவிடுகிறோம். கடலில் வரும் குமட்டலுக்கு மூலம் உள்காது. உடம்பு ஆடுகிறது என்று உள்காதின் சமநிலை உறுப்பு சொல்கிறது, கண் வேறொன்றைச் சொல்கிறது. இந்த முரண் மூளைத் தண்டுக்குப் போய்க் குமட்டலாகிறது. தொடர்ந்து கடலுக்குப் போகிறவர்களுக்கு மூளை இந்த முரணுக்குப் பழகிவிடும். ஓங்கரிப்பு அப்படியல்ல. அது தொடுதலில் தொடங்குவது. வாயின் பின்பகுதியில் ஏதாவது பட்டால், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் வெளியே தள்ள உடம்பு செய்யும் அனிச்சைச் செயல். வயிறு கலங்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. கடல் ஆட்டத்துக்கு எத்தனை வருடம் பழகியிருந்தாலும், அந்தப் பழக்கம் அண்ணத்தில் படும் ட்ரேக்கு உதவாது.

இதைத் தூண்டும் இடங்கள் ஐந்து என்று பாடத்தில் படிப்போம்: நாக்கின் அடிப்பகுதி, அண்ணம், உள்நாக்கு, டான்சிலின் முன்னும் பின்னும் நிற்கும் தசை மடிப்புகள், தொண்டையின் பின்சுவர். அங்கிருந்து தகவல் பெரும்பாலும் ஒன்பதாவது கபால நரம்பு வழியாகப் போகிறது. அண்ணத்தின் பின்பக்கத்து மெத்தென்ற பகுதியான மென் அண்ணத்திலிருந்து ஐந்தாவது நரம்பின் கிளைகளும் கொஞ்சம் கொண்டுபோகின்றன. எல்லாம் போய்ச் சேருவது மூளைத் தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்துக்கு. அங்கிருந்து கட்டளை முக்கியமாகப் பத்தாவது நரம்பான வேகஸ் வழியாகத் திரும்பி வந்ததும் மென் அண்ணம் மேலே எழும்புகிறது, தொண்டைத் தசைகள் இறுகுகின்றன. வாய் தானாக அகலத் திறப்பதும் நாக்கு எக்குவதும் வேறு நரம்புகளின் வேலை. உமிழ்நீர், கண்ணீர், இதயத் துடிப்பு ஆகியவற்றைக் கவனிக்கும் நரம்பணுக்களும் மூளைத் தண்டில் அக்கம்பக்கத்திலேயே இருப்பதால் அவையும் சேர்ந்து விழித்துக்கொள்கின்றன. ஓங்கரிக்கிறவருக்குக் கண்ணில் நீர் கொட்டுவதும், வாய் ஊறுவதும், நெற்றி வியர்ப்பதும் இதனால்தான். அதைப் பார்த்து "சின்னப் பிள்ளை மாதிரி அழுவுறாங்க" என்று சொல்லும் உதவியாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அழுகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அனிச்சை என்றாலும் முழங்காலில் சுத்தியல் தட்டினால் கால் எழும்புவதைப் போல நேர்க்கோட்டில் நடப்பதல்ல இது. மேல்மூளை இதைக் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும். பழைய அனுபவம், வாசனை, ட்ரேயைக் கண்ணால் பார்ப்பது என எதுவும் தூண்டும் எல்லையைக் கீழே இறக்கிவிடும். எல்லை நகரக்கூடியது என்பதற்குக் கைக்குழந்தையே சாட்சி. முதல் மாதங்களில் நாக்கின் முன்பக்கம் எதையாவது வைத்தாலே குழந்தை ஓங்கரிக்கும். கெட்டியான உணவு பழகப் பழக, தூண்டும் இடம் மெல்லப் பின்னால் நகர்ந்துவிடும். பின்னால் நகர்ந்த எல்லை திரும்ப முன்னால் வரவும் செய்யும். இந்த அக்காவுக்கு நடந்தது அதுதான். எது அதை முன்னால் கொண்டுவந்தது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பரிசோதனைக்கு முதலில் கண்ணாடியைக் கையில் எடுக்கவில்லை. நாற்காலியை நிமிர்த்தி, பேசிக்கொண்டே வாயைத் திறக்கச் சொன்னேன். வெறுமனே டார்ச் அடித்துப் பார்க்கும்போதே தோள்கள் எழும்பின. ஓங்கரிப்பின் தீவிரத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கும் ஒரு அளவுகோல் 2005-இல் வெளியானது. முதல் படியில் நோயாளி தானே அடக்கிக்கொள்வார். நான்காவதில் சும்மா பார்க்கும் பரிசோதனைக்கே ஓங்கரிப்பு வரும். ஐந்தாவதில் தொடவே வேண்டாம். இவரை நான்கு என்று குறித்தேன்.

அடுத்து ஒரு பஞ்சுக் குச்சி. நாக்கின் முன்பகுதி, ஈறு, கன்னத்தின் உட்புறம் எதிலும் சிக்கலில்லை. அண்ணத்தின் முன்பக்கத்துக் கெட்டியான பகுதியான வன் அண்ணம் முடிகிற இடத்தில் லேசாக வருடியதும் பலமான ஓங்கரிப்பு. கொஞ்சம் இடைவெளி விட்டு, அதே இடத்தில் விரலால் அழுத்தி அசையாமல் வைத்தேன். முகம் சுளித்தார், அவ்வளவுதான். இது எனக்குப் பெரிய செய்தி. இலேசாக, நகர்ந்துகொண்டே படும் தொடுதல்தான் ஓங்கரிப்பை அதிகம் கிளப்பும். அழுத்தமாக நிலைத்து நிற்பது குறைவாகக் கிளப்பும். ட்ரே தொண்டையை உறுத்திவிடுமோ என்று தயங்கித் தயங்கி வைக்கும் மருத்துவர்தான் நோயாளியை அதிகம் ஓங்கரிக்க வைக்கிறார். தளர்வான பல் செட்டு சரியாகப் பொருந்திய செட்டைவிட அதிகம் உமட்ட வைப்பதும் இதே காரணத்தால்தான்.

பிறகு குச்சியை அவர் கையிலேயே கொடுத்தேன். கண்ணாடியைப் பார்த்து அவரே தொட்டுக்கொண்டபோது, நான் தொட்ட இடத்தையும் தாண்டிப் பின்னால் போனார். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாது அல்லவா, அதே கதைதான். நம் கை செய்யப்போவதை மூளை முன்கூட்டியே கணித்து அந்த உணர்வைத் தணித்துவிடுகிறது. சிகிச்சையை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆனால் இன்னொன்று மிச்சமிருந்தது. பேசும்போதும் சும்மா இருக்கும்போதும் அவர் வாய் லேசாகத் திறந்தே இருந்தது. குளிர்ந்த வாய்க்கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடித்து, வாயை மூடி மூச்சு விடச் சொன்னேன். வலப்பக்கம் ஆவி நன்றாகப் படிந்தது. இடப்பக்கம் ஒரு பொட்டு அளவுகூட இல்லை. "மூக்கு எப்பவும் அடைச்சுத்தான் இருக்கும், தண்ணியிலயே கெடக்குறோம்ல" என்றார் சாதாரணமாக. தொண்டைக்குள் சளி இறங்குவதும் உண்டாம். காரணம் கையில் கிடைத்துவிட்டது. மூக்கு அடைத்தவருக்கு வாய்தான் மூச்சு வழி. அந்த வழியை மாவு நிரம்பிய ட்ரேயால் அடைத்தால் மூச்சு முட்டும். அந்தப் பதற்றம் ஓங்கரிப்பின் எல்லையை இன்னும் கீழே தள்ளும். பின்னால் வடியும் சளி தொண்டையைச் சீண்டிக்கொண்டே இருக்கும். முன்பு அளவு எடுத்த இடத்தில் இதை யாரும் பார்க்கவில்லை. பல்லைப் பார்க்க வந்தவரின் மூக்கை யார் பார்க்கிறார்கள்?

வெற்றிலை, புகையிலை பழக்கம் இருந்ததால் வாய் முழுக்க வெள்ளைப் படலமோ புண்ணோ இருக்கிறதா என்றும், வாய் திறக்கும் அளவு குறைந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. புகையிலையை விடச் சொன்னேன். சிரித்தார்.

இந்த நிலையில் பலரும் முதலில் எடுப்பது லிக்னோகெயின் ஸ்பிரே. தொண்டையை மரத்துப்போகச் செய்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பு. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. கசப்பான சாரல் தொண்டையில் அடிப்பதே சிலருக்கு ஓங்கரிப்பைக் கிளப்பும். மரத்துப்போனதும் தொண்டை தடித்து, ஏதோ அடைத்த மாதிரி ஆகி இன்னும் பயப்படுகிறவர்கள் உண்டு. அதைவிட முக்கியம், மூச்சுக்குழாயைக் காக்கிற அனிச்சையையே நாம் அணைத்து வைக்கிறோம். மரப்பு விலகும்வரை, சுமார் ஒரு மணி நேரம், சாப்பிடாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அன்றைய அளவு முடிந்துவிடும், ஆனால் செட்டை அவர் தினமும் வாயில் வைத்திருக்க வேண்டுமே? தினமும் ஸ்பிரே அடிக்கவா முடியும்?

ஆகவே மூக்கில் தொடங்கினோம். ராமநாதபுரத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். மூக்கின் நடுச்சுவர் சற்று வளைந்திருக்கிறது, உள்ளே வீக்கம் இருக்கிறது என்று ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயும், உப்புநீரில் மூக்கைக் கழுவவும் எழுதிக்கொடுத்தார். உப்புநீர் என்றதும் அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நாள் பூரா உப்புத்தண்ணிதான மூக்குல ஏறுது, அதுல தீராததா இதுல தீரப்போவுது?" என்றார். கணக்கைச் சொன்னேன். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. மூக்குக் கழுவும் நீரில் லிட்டருக்கு 9 கிராம், அதுவும் கொதிக்கவைத்து ஆறிய நீரில். முந்தையது உள் சவ்வை எரிக்கும், பிந்தையது உடம்பின் திரவத்தோடு ஒத்துப்போகும்.

காலமும் ஒத்துழைத்தது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. அதை ஒட்டிப் பாசி எடுக்கும் பெண்களும் இடைவெளி விடுகிறார்கள். அவர் வந்தது அந்த இடைவெளியில். ஆகவே மூக்கு தெளிந்தது ஸ்பிரேயாலா, முங்காமல் இருந்ததாலா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. இரண்டும் சேர்ந்துதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது பழக்குவது. தொண்டையைப் பழக்க ஒரு பயிற்சித் தகடு செய்து கொடுப்பது வழக்கம். ஆனால் அந்தத் தகடு செய்யவே அளவு வேண்டும். அதனால் காலி பிளாஸ்டிக் ட்ரேயையே வீட்டுக்குக் கொடுத்தேன். முதலில் முன்பற்களில் மட்டும் வைப்பது, பிறகு அண்ணத்தில் அழுத்தி வைப்பது, வைத்தபடி வாய் மூடி "ம்ம்ம்" என்று முனகுவது. முனகும்போது காற்று மூக்கு வழியாகத்தான் போயாக வேண்டும், மென் அண்ணமும் கீழே தளர்ந்து இருக்கும். ஓங்கரிப்பில் அது எழும்புகிறது, ஆக இரண்டும் ஒத்துப்போகாது. எல்லாவற்றையும் அவர் கையால், அவர் வேகத்தில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. பல் துலக்கும்போதும் நாள்தோறும் பிரஷ்ஷைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் கொண்டுபோகச் சொன்னேன். (கண்ணாடிக் கோலிகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுப் பழக்கும் முறை 1973-இல் ஒரு பல் மருத்துவ இதழில் வந்தது, இன்றும் பாடங்களில் சொல்லப்படுகிறது. கோலி தொண்டைக்குள் போய்விட்டால் யார் பொறுப்பு? நான் அதைத் தொடுவதில்லை.)

எதிர்பாராத உதவி அவர் தொழிலிலிருந்தே வந்தது. ட்ரேயை எவ்வளவு நேரம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டார். இரண்டு நிமிடம் இருந்தால் போதும் என்றேன். நிமிடம் அவருக்குப் பிடிபடவில்லை. "அது எத்தனை முங்கு?" என்று கேட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கீழே போய்ப் பாறையில் பாசியைப் பறித்து மேலே வருவதாக நினைத்து மூச்சை அடக்கிக் காட்டினார். அமைதியாக, நெஞ்சு கூட அசையாமல். ரெண்டு முங்கு, மூணு முங்குக்குள் மாவு இறுகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டோம். மூச்சை அடக்குவது, ஒரு தாளத்தில் விடுவது ஆகியவை ஓங்கரிப்பைக் கட்டுப்படுத்தப் பல் மருத்துவத்தில் ஏற்கெனவே சொல்லப்படும் முறைதான். மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். இவருக்கு நாம் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. ஒரே ஒரு வித்தியாசம்: முங்கும்போது வாய் இறுக மூடியிருக்கும், நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டியிருக்கும். ட்ரே இருக்கும்போது நாக்கு கீழே தளர்ந்து படுத்திருக்க வேண்டும். அந்த ஒரு மாற்றத்தைப் பழகத்தான் நேரம் எடுத்தது.

அளவு எடுத்த அன்று நாற்காலி நேராக, தலை சற்று முன்னால் குனிந்தபடி. கீழ்த்தாடையை முதலில் எடுத்தேன், அது எளிது, தைரியம் வரும். மேல் ட்ரேயின் பின் விளிம்பில் மெழுகு வைத்து அணை கட்டினேன். மாவைக் கெட்டியாக, அளவாக, சற்று வெதுவெதுப்பான நீரில் குழைத்தேன்; நீர் சூடாக இருந்தால் ஆல்ஜினேட் சீக்கிரம் இறுகும். நம் ஊர்க் கோடையில் குழாய்த் தண்ணீரே அந்தச் சூட்டில்தான் வரும், அதனால் குழைக்கவும் வைக்கவும் கை வேகமாக இருக்க வேண்டும். நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு. ட்ரேயைப் பின்பக்கம் முதலில் அழுத்தி, பிறகு முன்பக்கம் ஏற்றினால் மிகுதி மாவு உதட்டுப் பக்கம் வழியும், தொண்டைக்குப் போகாது. அழுத்திய பிறகு விரலை அசைக்கவே கூடாது. வலது காலைத் தூக்கிப் பிடித்தபடி இருக்கச் சொன்னேன். கால் தளரத் தளர முழுக் கவனமும் அங்கே போய்விடும். 1963-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் வித்தை, இன்னும் வேலை செய்கிறது.

முதல் முங்கில் கண் நிறைந்தது. இரண்டாவதில் ஒரு முறை தோள் எழும்பியது, ட்ரே நகரவில்லை. மூன்றாவது முடிவதற்குள் மாவு இறுகிவிட்டது. வெளியே எடுத்ததும் காலைக் கீழே போட்டுவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார் மருமகளைப் பார்த்து.

செட்டின் வடிவத்திலும் யோசிக்க வேண்டியிருந்தது. அண்ணம் முழுக்க மூடும் தகடு இவருக்கு ஆகாது. மெல்லிய உலோகச் சட்டம் போட்டால் பின் அண்ணம் திறந்திருக்கும், ஆனால் செலவு அதிகம். இப்போதைக்கு அக்ரிலிக்கில், நடுவில் பின்பக்கம் வெட்டிவிட்டு லாட வடிவில், முன்கடைவாய்ப் பற்களில் கம்பி கிளிப் கொடுத்துச் செய்தோம். லாட வடிவ அக்ரிலிக் உடையும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அதை முதலிலேயே சொல்லிவிட்டேன். "ஆ" என்று சொல்லும்போது மென் அண்ணம் அசையத் தொடங்கும் கோட்டை விளிம்பு தொடவே கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் வாரம் காலையில் எழுந்ததும் போட முயன்று உமட்டியிருக்கிறார். வெறும் வயிற்றில், சளி தொண்டையில் நிற்கும் நேரத்தில் அது சகஜம். சாப்பாட்டு நேரத்தில் போடுங்கள், மெல்லும் வேலையில் தொண்டை மற்றதை மறந்துவிடும் என்றேன். அது சரிப்பட்டது. இடப்பக்கம் உறுத்திய ஒரு விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தேன். அடுத்த முறை வந்தபோது வாய்க்கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்க்க முடிந்தது. இரண்டாம் படி என்று குறித்துக்கொண்டேன்.

இதைக் கேள்விப்பட்ட பொது மருத்துவ நண்பர் ஒருவர், ஓங்கரிப்பே வராத நோயாளிகளைப் பற்றிக் கேட்டார். பக்கவாதம் வந்தவரின் தொண்டையைக் குச்சியால் தொட்டு, ஓங்கரிப்பு வராவிட்டால் விழுங்கவும் முடியாது என்று முடிவு கட்டும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 1995-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், 140 ஆரோக்கியமானவர்களைச் சோதித்ததில் 37 விழுக்காட்டினருக்கு ஓங்கரிப்பு வரவே இல்லை. அவர்கள் எல்லோரும் நன்றாகச் சாப்பிடுகிறவர்கள். தொண்டையில் தொடும் உணர்வே இல்லாதவர் ஒரே ஒருவர்தான். ஓங்கரிப்பும் விழுங்குதலும் வேறு வேறு வேலைகள். விழுங்க முடிகிறதா என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் தண்ணீர் கொடுத்து, இருமுகிறாரா, குரல் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜூன் மாத இறுதியில் அவர் மீண்டும் பாசிக்குப் போகத் தொடங்கினார். அதற்கு முன் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன்: கடலில் இறங்குமுன் செட்டைக் கழற்றிவிட வேண்டும். முங்கும்போது கிளிப் விட்டு, பெரிதாக மூச்சு இழுக்கிற நேரத்தில் உள்ளே போனால் ஓங்கரிப்பு காப்பாற்றும் என்று நம்பி இருக்க முடியாது. வள்ளத்தில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு சின்ன டப்பாவும் போகிறது இப்போது. கீழ்த்தாடையில் சொத்தையான அந்தக் கடைவாய்ப் பல் பாக்கி. அதைப் பிடுங்க இன்னும் பின்னால் கை போக வேண்டும், ஊசியும் போட வேண்டும். மூக்கு மறுபடி அடைக்கத் தொடங்கியிருக்கிறது என்று மருமகள் போனில் சொன்னதால், கழுவுவதை விடாமல் தொடரச் சொல்லி, வலி கூடாத வரைக்கும் அடுத்த இடைவெளிக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.